சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் ஆடுகிறது, யாரும் பொறுப்பேற்கவில்லை: என்ன செய்வது?

செக்கானூரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 36 வயதுத் தம்பி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பத்து வருஷம் பைக் ஓட்டியவர். ஒரு விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, இப்போது செயற்கைக் கால் போட்டிருக்கிறார். திருமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. 14 மாதத்துக்கு முன் 125 சிசி ஸ்கூட்டர் ஒன்றைப் புதிதாக எடுத்து, ஷோரூம்காரர்களே கைகாட்டிய பட்டறையில் இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டினார். அந்தச் சைடு வீல் கிட்டுக்கு 21,000 ரூபாய், அதுவும் ஷோரூம் கொட்டேஷனிலேயே ஒரு வரியாக இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து நிம்மதியில்லை. 35, 40-ல் போனால் ஹேண்டில் உதறுகிறது. எப்போதும் இடது பக்கம் இழுக்கிறது. கரடுமுரடான பாதையில் நடுச்சக்கரம், அதாவது ஸ்கூட்டரின் சொந்தப் பின்சக்கரம், சும்மா சுற்றுகிறது, வண்டி நகர்வதில்லை. இரண்டு மாதம் முன்பு கண்மாய்க்கரை ரோட்டில் ஒரு வலது வளைவில் வலது பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டு, "நான் வலப்பக்கம் திருப்பப் போனேன், வண்டி இடப்பக்கம் ஓடியது" என்கிறார். மண் ஓரத்தில் இறங்கி நின்றதால் தப்பித்தார். ஒரு மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) மாற்றினார், இன்னொருவர் முன் டயரை மாற்றினார், மூன்றாமவர் "இந்த வண்டியெல்லாம் நான் தொடுவதில்லை" என்று அனுப்பிவிட்டார். ஷோரூமில் கேட்டால் கிட் மாட்டியதால் வாரண்டி போச்சு என்கிறார்கள், கிட் பட்டறையில் கேட்டால் ஸ்கூட்டர்தான் கோளாறு என்கிறார்கள். இப்போது இன்னொரு பட்டறைக்காரர் நடுச்சக்கரத்தையே எடுத்துவிட்டுப் பின்னால் ஒரே அச்சில் இரண்டு சக்கரம் போட்டுத் தருகிறேன் என்கிறார். வண்டியை விற்றுவிடு என்று மனைவி சொல்கிறார். வழக்குப் போடலாமா, விற்கலாமா, மாற்றலாமா என்பது கேள்வி.

தம்பி, நான் வாகன இன்ஜினியர், மதுரையில் பல வருஷமாக இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். சைடு வீல் ஸ்கூட்டர் கவிழ்ந்த கேஸ்கள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன. அதனால் மற்றதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கீழே சொல்லும் அளவுகளை எடுத்து முடிக்கும்வரை 25-ஐத் தாண்டாதீர்கள், அந்தக் கண்மாய்க்கரை வழியை விட்டுவிடுங்கள், திருமங்கலத்துக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள். ஒரு சக்கரம் ஏற்கெனவே ஒருமுறை தூக்கியிருக்கிறது. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "பைக் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை." இங்கேதான் தம்பி, உங்கள் பத்து வருஷ அனுபவம் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. பைக்கில் ஓரளவு வேகம் வந்தபிறகு வலப்பக்கம் வளைய வேண்டுமென்றால், நாம் அறியாமலே வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். ஹேண்டில் ஒரு கணம் இடப்பக்கம் போகிறது, வண்டி வலப்பக்கம் சாய்கிறது, சாய்ந்தபின் வளைகிறது. உடம்பில் ஊறிப்போன பழக்கம் அது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சைடு வீல் மாட்டிய வண்டியோ சாயாது. அதில் வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி நேராக இடப்பக்கம்தான் போகும். கண்மாய்க்கரையில் நடந்ததில் ஒரு பாதி இதுதான் என்று நினைக்கிறேன். வண்டியில் பேய் பிடிக்கவில்லை, உங்கள் கை பழைய வண்டியை ஓட்டியது.

மறு பாதி வண்டியில் இருக்கிறது. அதையும் ரோட்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் இரண்டையும் பிரிக்க முடியாது.

சைடு வீல் இருந்தால் கவிழாது என்ற நம்பிக்கை

நின்றுகொண்டிருக்கும்போது கவிழாது, அது உண்மை. ஓடும்போது கணக்கு வேறு. முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால் வண்டி தரையில் நிற்கும் இடம் முக்கோணம். பின்னால் அகலம், முன்னால் போகப்போகக் குறுகல். உதாரணத்துக்கு, வண்டியின் நடுவிலிருந்து சைடு வீல் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது, நீங்கள் உட்கார்ந்த நிலையில் மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முன்சக்கரத்துக்கும் சைடு வீலுக்கும் இடையே அந்த மையம் விழும் இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 25 செ.மீ. அளவுக்குத்தான் வரும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இந்த வண்டி சுமார் 27 கி.மீ. வேகத்திலேயே உள்பக்கச் சக்கரத்தைத் தூக்க ஆரம்பிக்கும். சைடு வீலில் ஸ்பிரிங் இருந்தால், வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கி இன்னும் கொஞ்சம் முன்னதாகவே தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்கு. 40-ல் அந்த வளைவுக்குள் போய்விட்டு எந்த மெக்கானிக்கைக் குறை சொல்வது?

வளைவுக்குள் போனபிறகு பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும், அதாவது முக்கோணத்தின் குறுகலான மூலைக்கு. அதனால் பிரேக்கை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம் இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று ரோட்டின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே வலது வளைவில் ரோடு வெளிப்பக்கமாகவே சரிந்திருக்கும், வண்டியைத் தள்ளிவிட அதுவும் துணை போகும். நம் கிராமத்து ரோடுகளில் வளைவுக்கு ஏற்ற மாதிரி ஓரத்தை உயர்த்திப் போடுவது அபூர்வம். ஆகவே இடது வளைவை விட வலது வளைவில்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும்.

இடது பக்கம் இழுப்பதிலும் ஒரு பங்கு இதே சரிவுதான். சாயாத வண்டி ரோடு சரிகிற பக்கம் தானும் சரிந்து இழுக்கும். கொஞ்சம் இழுத்தால் அது அதன் சுபாவம். கை வலிக்கிற அளவு இழுத்தால் அது கோளாறு.

முதலில் அளந்து பாருங்கள்

இதுவரை பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் முன்பக்கத்தையே பார்த்திருக்கிறார்கள், பின்னால் போல்ட் போட்டுத் தொங்கவிட்ட 21,000 ரூபாய் சமாச்சாரத்தை ஒருவரும் அளக்கவில்லை. ஹேண்டில் உதறினால் கோன் செட், என்று கை தானாகப் போகிறது. சைடு வீல் கோணலாக இருந்தால் அது தரும் இழுப்பும் ஹேண்டிலில்தான் தெரியும்.

சமமான சிமெண்ட் தளம் ஒன்றைப் பிடியுங்கள், கல்யாண மண்டபத்து முன்வாசல் போதும். ரசமட்டம் வைத்துத் தரையைச் சரிபாருங்கள். எல்லா டயருக்கும் சரியான காற்று. நீங்கள் வேலைக்குப் போகும் கோலத்தில், செயற்கைக் காலோடும் பையோடும் வண்டியில் உட்காருங்கள், இன்னொருவர் அளக்கட்டும். இடது சைடு வீலின் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம், வலது எவ்வளவு. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது எடையில் பெரும்பகுதி நடுச்சக்கரத்தில் இருக்க வேண்டும், சைடு வீல் இரண்டும் தரையைத் தொட்டு ஒரே அளவு தாங்க வேண்டும். சைடு வீலைத் தாழ இறக்கிவிட்டால் வண்டி ஆடாமல் கெட்டியாக நிற்பதுபோல் இருக்கும், நீங்களும் பட்டறையில் அப்படித்தான் கேட்டு இறக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பள்ளத்தில் சைடு வீல் இரண்டும் மேட்டில் உட்கார்ந்துகொள்ள நடுச்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். எஞ்சின் இழுப்பதும் பின் பிரேக் பிடிப்பதும் அந்த நடுச்சக்கரம்தான். அது தரையில் சரியாகப் பதியவில்லை என்றால் வண்டி நகராது என்பது சின்னப் பிரச்சினை, நிற்காது என்பதுதான் பெரிய பிரச்சினை. சும்மா சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல முன் டயரையும் பின் டயரையும் ஒட்டி நேராக நூல் கட்டுங்கள். அந்த நூலிலிருந்து சைடு வீலின் முன் விளிம்பு எவ்வளவு தூரம், பின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று டேப்பில் பாருங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே அந்தச் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். நூல் கிடைக்காவிட்டால் உள்ளங்கையைச் சைடு வீல் டயரின் மேல் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் திரும்பும்போது ரம்பப்பல் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரம் கோணல். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கடைசியாக வெல்டிங். கிட்டின் பிரேம் வண்டியின் சேசிஸில் சேரும் இடங்களைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பற்றவைத்த ஓரத்தில் மயிரிழை போல ஒரு துருக்கோடு ஓடினால் அங்கே விரிசல் விழுந்திருக்கிறது, அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு நட்டையும் முடுக்கியபின் நட்டிலிருந்து பிரேம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடு விலகியிருந்தால் நட்டு கழன்றுகொண்டு வருகிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் உடம்பும் வண்டியின் பாகம்தான்

மெக்கானிக் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்றார், உங்களுக்கு மட்டும் உதறுகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு கால் உள்ளவர் வளைவில் காலை ஃபுட்போர்டில் ஊன்றி உடம்பை நிறுத்திக்கொள்கிறார். உங்களால் வலது காலில் அந்த அழுத்தம் கொடுக்க முடியாது, அதனால் உடம்பு தள்ளப்படும்போது ஹேண்டிலைப் பிடித்துத்தான் நிற்கிறீர்கள். அப்போது உங்கள் எடையெல்லாம் ஹேண்டிலுக்குப் போகிறது, அது ஆடாமல் என்ன செய்யும்? முதுகுக்கும் இடுப்பின் இரு பக்கத்துக்கும் பிடிமானம் தரும் சீட் ஒன்று செய்து மாட்டுங்கள். லேத் பட்டறையும் சீட் தைப்பவரும் சேர்ந்தால் முடிகிற வேலை. பெரிய செலவில்லாத இந்த ஒரு மாற்றம் பலருக்குப் பாதிச் சிக்கலைத் தீர்த்திருக்கிறது. அப்புறம் காலியான மைதானத்தில் 15-ல் எட்டுப் போட்டுப் பழகுங்கள்: ஹேண்டிலைத் திருப்ப வேண்டிய பக்கமே திருப்பி, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து. கை பழையதை மறக்கும்வரை பழக வேண்டும்.

நல்ல பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பது

இதில் விளம்பரத்தை நம்பாதீர்கள். திங்கட்கிழமை மதுரை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுக் கொடுக்க வரும் மாற்றுத்திறனாளிகளில் சைடு வீல் வண்டியில் வருபவர்கள் உண்டு. அவர்களிடம் பேசுங்கள். அதிக வருஷம் ஓட்டியும் டயர் சமமாகத் தேய்ந்திருக்கும் வண்டி எதுவென்று பார்த்து, எங்கே வேலை பார்த்தது என்று கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், அரசு தந்த ஸ்கூட்டர்களுக்கு யார் பழுது பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். சக்கரக் கோணல் பார்ப்பதில் பைக் மெக்கானிக்கை விட அனுபவமுள்ள ஆட்டோ மெக்கானிக்குக்குக் கண் கூர்மை, அவருக்கு மூன்று சக்கரம் புதிதல்ல.

நல்ல ஆள் உங்களை வண்டியில் உட்கார வைத்து அளப்பார், நீங்கள் ஓட்டுவதைப் பின்னால் வந்து பார்ப்பார், செய்த வேலையை பில்லில் எழுதித் தருவார். வண்டியைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் ஸ்பேனரை எடுப்பவரிடம் விடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பழைய கோன் செட் இன்னும் அந்த மெக்கானிக்கிடம் கிடந்தால் அதையும்.

நடுச்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒரே அச்சில் இரண்டு சக்கரம் போடும் யோசனை வேண்டவே வேண்டாம். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு ஆட்டோவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது இல்லாமல் ஒரே அச்சில் இரண்டையும் இறுக்கினால் வண்டி வளையாமல் நேரே தள்ளிக்கொண்டு போகும். அதோடு ஆர்.சி.யில் இருக்கும் வண்டிக்கும் ரோட்டில் ஓடும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும்.

வாரண்டி, வழக்கு

"கிட் மாட்டினால் வாரண்டி மொத்தமும் போச்சு" என்பதை அப்படியே ஏற்காதீர்கள். வாரண்டி அட்டையை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். சைடு வீலால் வந்த கோளாறுக்கு அவர்கள் மறுக்கலாம். பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டருக்கும் அதே காரணத்தைச் சொன்னால் அது எந்த வகையில் பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் மறுப்பு எழுத்தில் வராது, வந்தால் உங்களுக்கு ஆதாரம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உங்களுக்கு 14 மாதம் ஓடிவிட்டது, ஆறப்போடாதீர்கள். ஷோரூம், பட்டறை இரண்டு பேரையும் சேர்த்தே எதிர்தரப்பு ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாதவர் மேல் பழி போட்டுத் தப்பிப்பார்கள். பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு செல்லாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, ஷோரூம் வக்கீல் முதலில் அதைத்தான் எடுப்பார். ஆனால் அது அந்தப் பொருளால் ஏற்பட்ட தீங்குக்கு இழப்பீடு கேட்பது பற்றியது. உங்கள் புகார் சேவைக் குறைபாடு. தாங்களே பட்டறையைக் காட்டி, தங்கள் கொட்டேஷனிலேயே அந்தத் தொகையையும் சேர்த்தவர்கள் இப்போது எங்களுக்குத் தெரியாது என்று சொல்வது எளிதல்ல. அந்தக் கொட்டேஷன் தாள்தான் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம், அதை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

நேராக வழக்குக்குப் போக வேண்டாம். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், இரண்டு பேருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சரிசெய்யக் கொடுக்கும் முன் மேலே சொன்ன அளவுகளை ஒரு வாகன இன்ஜினியரை வைத்து எடுத்து, கையெழுத்தோடும் போட்டோவோடும் அறிக்கை வாங்கிவிடுங்கள். பழுது பார்த்தபிறகு எந்த ஆணையத்தாலும் பழைய கோணலைப் பார்க்க முடியாது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், மாற்றுத்திறனாளி என்ற தகுதியிலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். எண் 15100.

நீங்கள் கேட்காத மூன்று விஷயம்

ஆர்.சி.யில் சைடு வீல் ஏறியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த மாற்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகி, வண்டி "மாற்றியமைக்கப்பட்ட வாகனம்" என்று இருக்க வேண்டும். கிட் தயாரித்தவர்களிடம் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் நகலைக் கேளுங்கள், உங்கள் ஸ்கூட்டரின் மாடல் பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் புகாருக்கு அதுவே முதல் பாயிண்ட்.

லைசென்ஸ் "இன்னும் காலாவதியாகவில்லை" என்கிறீர்கள். அது கியர் பைக் ஓட்ட வாங்கியது, தம்பி. இந்த வகை வண்டிக்கு லைசென்ஸில் தனி வகுப்பு இருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டும். இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் திருப்பி வசூலிக்கக் கேட்கும். பாலிசியிலும் சைடு வீல் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அப்படிப் பதிவான வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி) தள்ளுபடி உண்டு, நாமாகக் கேட்டால்தான் தருவார்கள்.

விற்பதைப் பற்றி: இந்த நிலையில் விற்றால் அதே கோணல் வண்டியில் இன்னொரு மாற்றுத்திறனாளிதான் உட்காருவார். சரிசெய்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த வளைவில் நடந்ததைக் கேட்டபின் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அளவு எடுக்கும் அன்று அவரையே டேப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலிலிருந்து வந்த நான்கு எண்களையும், இரண்டு அச்சு உயரத்தையும், வெல்டிங் போட்டோவையும், கொட்டேஷன் நகலையும் எனக்கு அனுப்பி வையுங்கள். நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.